அலசல் என்னும் சொல்: நீரொலிகளும் நமது எழுத்துமொழியும்

1

ஆறு மாதத்துக்கு முன் நண்பர் ஒருவர் ஓர் ஆங்கிலச் சிறுகதையைக் கொடுத்து மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். அதில் ஒரு பத்தி. படகுத்துறையில் ஒருத்தி வாளியால் தண்ணீர் மொள்கிறாள், அவ்வளவுதான் சம்பவம். அந்த ஒரு பத்திக்குள் தண்ணீர் 'ரிப்பிள்' ஆகிறது, படகின் விலாவில் 'லேப்' செய்கிறது, வாளி 'ப்ளாப்' என்று விழுகிறது, தூக்கும்போது 'ஸ்லாஷ்' ஆகிறது, படியில் 'ஸ்ப்ளாஷ்' ஆகிறது, கடைசியில் கல்லிடுக்கில் 'கர்கிள்' ஆகி வடிந்துபோகிறது. ஆறு சொற்கள். நான் அனுப்பிய தமிழில் நான்கு இடத்தில் 'சலசலத்தது' என்றும் இரண்டு இடத்தில் 'சத்தம் எழுந்தது' என்றும் இருந்தன. நண்பர் பிரதியின் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்: "உங்க ஊர்ல தண்ணிக்கு ஒரே சத்தந்தானா?"

என் ஊர் ஆரணி. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற ஊர். பட்டு நெசவும் சாயப்பட்டறையும் உள்ள ஊர். தண்ணீரில் கை வைத்துப் பிழைக்கிற ஜனங்கள் நிறைந்த தெருவில் வளர்ந்த ஒருவன் தண்ணீரின் ஆறு சத்தத்துக்கு ஒரே சொல்லை எழுதியிருக்கிறான் என்றால் அது அகராதியின் குறையா, ஆளின் குறையா, அல்லது அவன் 'எழுத்து' என்று எதைக் கற்றுக்கொண்டானோ அதன் குறையா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு நம்மிடையே தயாராக இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஒன்று, 'ஆங்கிலம் வளமான மொழி, தமிழில் நவீன உரைநடைக்கு இன்னும் சொல் போதவில்லை' என்பது. மற்றது மேடைத் தமிழின் பதில்: 'தமிழ் இயற்கையிலிருந்து பிறந்த மொழி, சலசல, களகள, குளுகுளு என்று நம்மிடம் இல்லாத ஒலியா?' முதல் பதில் தாழ்வு மனப்பான்மை என்றால் இரண்டாவது வெறும் பெருமிதம். இரண்டுமே சொற்களைப் பெட்டியில் வைத்து எண்ணிப் பார்க்கின்றன. யார் வாயில், எந்த வேலையின் நடுவில் அந்தச் சொல் வருகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

2

முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துவிடலாம். 'ஸ்ப்ளாஷ்' ஏதோ ஆதிமனிதன் ஆற்றங்கரையில் கேட்டுச் சொன்ன சொல் அல்ல. அதற்கு முன் 'ப்ளாஷ்' என்றொரு சொல் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் முன்னால் ஒரு 'ஸ்' சேர்ந்து வேகம் கூடியது. 'டேஷ்', 'க்ரேஷ்', 'ஸ்மேஷ்' என்ற மோதல் சொற்களோடு அது வால்பகுதியில் உறவு கொள்கிறது. 'ஸ்ப்ளாட்டர்', 'ஸ்ப்ளட்டர்' ஆகியவற்றோடு தலைப்பகுதியில் உறவு கொள்கிறது. இப்படிச் சொல்லின் ஒரு துண்டு, தனக்கென்று இலக்கணப் பொருள் ஏதும் இல்லாமலே, ஒத்த சொற்களின் கூட்டத்தால் ஓர் உணர்வை ஏற்றிக்கொள்வதைக் கவனித்து 1930இல் அதற்கு 'ஃபோனஸ்தீம்' என்று பெயரிட்டவர் ஜே.ஆர். ஃபிர்த். இவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலுக்காகத் தமிழ் உச்சரிப்பு பற்றி 1934இல் ஒரு சுருக்கமான குறிப்பும் எழுதியவர். ஃபிர்த் வலியுறுத்தியது ஒன்றுண்டு: இந்த ஒலி-பொருள் பிணைப்பு இயற்கை தந்ததல்ல, பழக்கம் தந்தது. 'ஸ்ல' என்று தொடங்கும் சொற்கள் ஆங்கிலக் காதில் வழுக்குகின்றன என்றால் அது 'ஸ்ல' ஒலியில் எண்ணெய் இருப்பதால் அல்ல, அந்தக் காது சிறுவயது முதல் அப்படிப்பட்ட சொற்களின் நடுவே வளர்ந்திருப்பதால்தான்.

இதே கண்ணோடு தமிழுக்கு வந்தால் நமக்கு ஒரு ஒழுங்கு தெரிகிறது. 'சளக்', 'டபக்', 'மடக்' என்று வல்லினத்தில் முறிகிற சொல் சின்னதாக, சட்டென்று முடிகிற அசைவு. 'சளார்', 'பளார்', 'படார்', 'தொபீர்', 'குபீர்' என்று 'ஆர்', 'ஈர்' ஒட்டி வருவது ஒரே ஒரு முறை, ஆனால் பெரிதாக நடப்பது. 'சலசல', 'குபுகுபு', 'பொலபொல', 'மளமள' என்று இரட்டித்தால் நிற்காமல் தொடர்வது. 'சலசல'வுக்கும் 'சளசள'வுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு நாக்கு மடிப்பு. லகரத்தில் ஓடை தெளிவாக ஓடுகிறது, இலை அசைகிறது. ளகரத்தில் தண்ணீர் கலங்குகிறது, சேறாகிறது, மனிதன் என்றால் ஓயாமல் பேசுகிறான். இது விதியல்ல, ஒரு சாய்வு. ஆனால் சாய்வு இருக்கிறது. அப்படியானால் என் மொழிபெயர்ப்பில் அந்த 'ப்ளாப்' எங்கே போனது? வாளி 'சளக்'கென்று விழுந்திருக்கலாமே. எனக்குத் தெரிந்த சொல்தானே அது?

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். ஆங்கிலத்தில் 'ஸ்ப்ளாஷ்' தானே வினை, தானே பெயர். சத்தமும் அசைவும் ஒரே சொல்லில் அடைபட்டிருக்கின்றன. தமிழில் 'சலசலத்தது' மாதிரி வினையானவை சில உண்டு என்றாலும், பெரும்பாலும் ஒலிக்குறிப்பு தனியாக நடப்பதில்லை. 'என்று' என்பதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் வினையிடம் போகிறது. சளாரென்று தெறித்தது. குபுகுபுவென்று கொப்பளித்தது. களக்களக்குன்னு தளும்பிச்சு. 'என்று' என்பது 'என்' என்ற வினையின் எச்சம். 'என்று சொன்னான்' என்பதில் வருகிற அதே 'என்று'. மனிதர் சொன்னதை மேற்கோள் காட்டுகிற அதே கருவியால்தான் தமிழ் தண்ணீர் சொன்னதையும் மேற்கோள் காட்டுகிறது. எமனோ 1969இல் எழுதிய கட்டுரையில் ஒலிக்குறிப்புச் சொற்களைத் திராவிட மொழிகளுக்கும் இந்தோ-ஆரிய மொழிகளுக்கும் பொதுவான இந்தியப் பரப்பின் ஒரு கூறாகவே காட்டினார். எனவே இது தமிழின் தனிச்சொத்து என்று மார்தட்டவும் வழியில்லை. ஆனால் மொழிபெயர்ப்பவனுக்கு ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. 'ஸ்ப்ளாஷ்' என்ற ஒரு சொல்லுக்கு ஈடாக ஒரு சொல்லைத் தேடினால் 'சலசலத்தது'தான் மிஞ்சும். இரண்டாகப் பிரிக்க வேண்டும். 'என்று'வுக்கு முன்னால் சத்தம், பின்னால் அசைவு. தெறி, சிதறு, தளும்பு, கொப்பளி, பீச்சு, வழி, ததும்பு என்று வினைகள் நம்மிடம் வரிசையாக நிற்கின்றன.

3

இதையெல்லாம் புத்தகத்தில் படித்தா தெரிந்துகொண்டேன்? நண்பரின் கிண்டலுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள சாயப்பட்டறையில் போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை செய்கிற பெரியவர் எனக்கு மாமா முறை. கச்சாப் பட்டு சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகிறது. பட்டுப்புழு சுரந்த பசை அதில் கரைந்துபோக, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எடை குறைகிறது. பிறகு அலசல். பிறகு சாய அண்டா. சிட்டங்களைக் கழியில் கோத்து, எதிரும் புதிருமாக நின்று முக்கித் திருப்பி முக்குகிறார்கள். பிறகு மறுபடி அலசல்.

"மாமா, இந்தச் சத்தத்துக்கெல்லாம் இன்னா பேரு?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சத்தத்துக்கு இன்னாத்துக்குப்பா பேரு? கை உள்ள போனா அதுவே சொல்லப் போவுது." பட்டியல் கேட்டவனுக்குப் பட்டியல் கிடைக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் புதிதாக வேலைக்கு வந்த இளைஞனை அவர் அதட்ட ஆரம்பித்தார். "சளப்பு சளப்புன்னு அடிக்காதடா, நூலு சிக்கிக்கும். சலக்குனு உடு, சலக்குனு எடு." பிறகு, "இன்னும் கோந்து போவல. பட்டு வெறப்பா தண்ணிமேல படக்கு படக்குங்குது பாரு. பசை போயிட்டா தண்ணி குடிச்சிட்டு மொளுக்குனு உள்ள எறங்கும்." பிறகு, பிழிவதைப் பார்த்து, "ஒழுகுது, சொட்டல. சொட்டு சொட்டுன்னு நிக்கிற வரிக்கும் முறுக்கு."

பத்து நிமிடத்தில் ஆறு சொற்கள். என் ஆங்கிலக் கதையின் கணக்கும் ஆறுதான். ஆனால் அந்தக் கதையில் சொற்கள் தண்ணீரை வர்ணிக்கின்றன. இங்கே ஒரு வார்த்தைகூட வர்ணனை இல்லை. எல்லாம் கட்டளை, எச்சரிக்கை, தரப்பரிசோதனை. பசை போயிற்றா, நூல் சிக்குமா, சாயம் திட்டாகுமா என்பதை அளக்கிற கருவி அந்தச் சத்தம். அந்த அளவையை இன்னொரு ஆளுக்குக் கைமாற்றுகிற வழி அந்தச் சொல். 'சளப்பு'க்கும் 'சலக்'குக்கும் உள்ள தூரத்தில் ஒரு சிட்டம் பட்டின் விலை இருக்கிறது, தப்பினால் அந்த இளைஞனின் கூலி இருக்கிறது. ஒலிக்குறிப்பு இயற்கையின் எதிரொலி என்கிற கருத்தை நான் விட்ட இடம் அதுதான். அது உழைப்பின் தொழில்நுட்பச் சொல்.

ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டைக் கடைசியாக நீர்த்த அமிலத்தில் அலசி உலர்த்தினால் கையில் அழுத்தும்போது ஒரு மொறமொறப்புச் சத்தம் வரும். அதற்கு ஆங்கிலப் பட்டுத் தொழிலில் 'ஸ்க்ரூப்' என்று தனிச்சொல் உண்டு. நாவலாசிரியனுக்கு அந்தச் சொல் தேவைப்படுவதே அபூர்வம். பட்டறைக்காரனுக்கு அது அன்றாடம். ஆங்கிலத்துக்குள்ளும் இலக்கியத்தின் தண்ணீர் வேறு, பட்டறையின் தண்ணீர் வேறு.

4

அப்படியானால் பட்டறையில் இத்தனை துல்லியமாக வாழ்கிற சொல் எழுத்துக்குள் வரும்போது ஏன் 'சலசல'வாகச் சுருங்கிவிடுகிறது?

நமது பள்ளி இலக்கணம் இதற்கு முதல் பொறுப்பாளி. இரட்டைக்கிளவி என்றால் பிரித்தால் பொருள் தராதது. அடுக்குத்தொடர் என்றால் பிரித்தாலும் பொருள் தருவது. இரண்டு மதிப்பெண்ணோடு விஷயம் முடிந்தது. ஆனால் தொல்காப்பியத்தில் விஷயம் முடியவில்லை. கிளவியாக்கத்தில் இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று சொல்கிறவர், உரியியலில் உரிச்சொல்லைப் பேசும்போது இசை, குறிப்பு, பண்பு என மூன்றின்மேல் அதை வைக்கிறார். ஓசை அங்கே ஓர் அலங்காரமாக இல்லை, பொருளின் மூன்று வாசல்களில் முதல் வாசலாக இருக்கிறது. அதே இயலில், ஒரு சொல் ஏன் இந்தப் பொருளைத் தருகிறது என்பதன் காரணம் பார்த்தவுடன் விளங்காது என்கிறார். காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பளிச்சென்று தெரியாது என்கிறார்.

இந்த இடத்தில் சசூரைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கலாம். 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்ததிலிருந்து சிறுபத்திரிகை வட்டாரத்தில் குறியின் இடுகுறித்தன்மை என்பது கிட்டத்தட்ட மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. சசூர் இறந்து மூன்றாண்டுக்குப் பின் 1916இல் வெளியான அந்தப் பாடநூலில் ஒலிக்குறிப்புச் சொற்கள் ஓர் ஆட்சேபணையாக வருகின்றன, உடனே தள்ளுபடியும் ஆகின்றன. அவை எண்ணிக்கையில் குறைவு, மொழியமைப்பின் உயிரான பகுதி அல்ல என்பது அவர் வாதம். அவர் காட்டும் உண்மையான ஒலிக்குறிப்பு உதாரணங்களில் ஒன்று தண்ணீர் சத்தம்தான்: 'க்ளூக்ளூ'. 1974இல் தெரிதா தன் 'க்ளா' நூலில் இந்தத் தள்ளுபடியையே மறுவிசாரணை செய்தார். சசூர் வெளியே நிறுத்தியது உள்ளேதான் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்கிற ரீதியில் அந்த விசாரணை போகிறது. நான் கேட்பது அதைவிடச் சாதாரணமான கேள்வி. 'எண்ணிக்கையில் குறைவு' என்பது பிரெஞ்சுக்குப் பொருந்தலாம். பேச்சுத் தமிழில் ஒரு நாளைக்கு நூறு முறை 'னு' போட்டுச் சத்தத்தை மேற்கோள் காட்டுகிற ஜனங்களின் மொழிக்கு அது எப்படிப் பொருந்தும்? நாம் சசூரைப் படித்தோம். பக்கத்துத் தெருவைக் கேட்கவில்லை. விளிம்பு என்று அவர் குறித்ததை நாமும் விளிம்பு என்றே குறித்துக்கொண்டோம்.

1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இந்தச் சொற்கள் கணிசமாக இடம்பெற்றிருக்கின்றன; அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தமிழ் விளக்கம் என்று பார்த்தால் 'ஒலிக்குறிப்பு' என்ற ஒரே முத்திரைதான் திரும்பத் திரும்ப வருகிறது. எது எதன் ஒலி, யார் எந்த வேலையில் சொல்வது என்பது அந்த முத்திரைக்குள் அமிழ்ந்துவிடுகிறது.

5

இதற்குக் கீழே இன்னும் பழைய ஒரு அடுக்கு இருக்கிறது. 'நிறைகுடம் தளும்பாது' என்கிறோம். அறிவின் அடையாளம் சத்தமின்மை. சத்தம் போடுவது குறைகுடம். 'சலசலப்பு' என்றால் பொருட்படுத்த வேண்டாத கலகம். 'சளசளன்னு பேசாதே' என்பது பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் பார்த்துச் சொல்லப்படுவது. எங்கள் நதியின் பெயரிலேயே முனிவரின் கமண்டலம் இருக்கிறது. மேலே படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில். அந்தக் கதையில் ரேணுகை ஆற்றுமணலில் குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருகிறாள். கற்பு இருக்கும்வரை குடம் நிற்கும், மனம் ஒரு கணம் அசைந்ததும் குடம் உடைந்து தண்ணீர் சிந்தும். சிந்திய தண்ணீர் அங்கே குற்றத்துக்குச் சாட்சி. அந்தச் சாட்சியத்தின் பேரில்தான் தலை வெட்டப்படுகிறது. தளும்பாமல் நடப்பது ஒழுக்கம் என்று ஆக்கப்பட்ட சமூகத்தில், தளும்புகிற சத்தத்துக்கான சொற்கள் உயர்ந்த எழுத்துக்குள் எப்படி வரும்?

சாதியின் தண்ணீருக்கும் சத்தம் உண்டு. தொட்டுவிடக் கூடாது என்று உயரத்திலிருந்து குவித்த கைகளில் ஊற்றப்பட்ட தண்ணீர் ஒரு சத்தம் போடும். விரலிடுக்கில் ஒழுகி, முழங்கையில் வழிந்து, பாதி மண்ணில் விழுகிற சத்தம். 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கிக் கையால் தண்ணீரை அள்ளியபோது எழுந்தது வேறொரு சத்தம். அதற்குப் பின் குளத்தைச் 'சுத்தம்' செய்கிறோம் என்று சாணமும் கோமியமும் கலந்து குடம் குடமாக ஊற்றினார்களே, அது மூன்றாவது சத்தம். ஊற்றுதல், அள்ளுதல், கொட்டுதல். இந்த மூன்றையும் 'தண்ணீர் சலசலத்தது' என்று எழுதுகிற ஒரு மொழிநடை அழகாக இருக்கலாம். அது யாருடைய காது என்று கேட்காமல் இருக்க முடியாது.

6

இதைப் படித்துவிட்டு யாராவது ஒலிக்குறிப்புச் சொல் வேட்டைக்குக் கிளம்பி, கிராமத்து மூதாட்டிகளிடம் பட்டியல் சேகரித்து, 'மண்ணின் மொழி' என்று தொகுப்பு போட்டால் நான் வருத்தப்படுவேன். சொற்களைப் புனிதப்படுத்துவது அவற்றை மறுபடி வேலையிலிருந்து பிரிப்பதுதான். பட்டறையின் சத்தம் அப்பாவியான சத்தமும் அல்ல. அந்த அண்டாவிலிருந்து கொட்டப்படும் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி உண்டு. 2011 ஜனவரியில் நொய்யல் ஆறு தொடர்பான வழக்கில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட அளவுக்குப் போன கேள்வி அது. எங்கள் கமண்டல நாகநதியும் வருடத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது. ஆற்றில் இறங்கி அலசியதை மாமா தலைமுறை சொல்லக் கேட்கலாம். இன்றைய அலசல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், தொட்டியில். ஓடுகிற தண்ணீருக்கான சொற்கள் பட்டறையில் குறைந்து, தேங்கிய தண்ணீருக்கான சொற்கள் நிற்கின்றன. அவற்றை விரட்டியது ஆங்கிலம் அல்ல. கை தண்ணீரை விட்டு விலகும்போது சொல்லும் விலகுகிறது.

புதியவையும் வருகின்றன. குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் 'புஸ்ஸு'ன்னு காத்து வரும். லாரித் தண்ணீர் பிளாஸ்டிக் குடத்தில் 'தடதட'ன்னு இறங்கும். குடத்து வரிசையில் நிற்கிற பெண்ணுக்கு எந்தச் சத்தத்தில் குடம் முக்கால் நிறைந்தது என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். இவையும் அறிவுதான். நமது கதைகளில் தண்ணீர்ச் சண்டை வருகிறது. அந்தக் காது இன்னும் வரவில்லை.

7

கடைசியாக நம்மைப் பற்றி. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் 'ஓர் அலசல்' என்று தலைப்பு வைக்காத வருடம் உண்டா? நானே மூன்று கட்டுரைக்கு வைத்திருக்கிறேன். அலசுவது என்றால் அடித்துத் துவைப்பதல்ல, முறுக்கிப் பிழிவதுமல்ல. நூலைத் தண்ணீருக்குள் விட்டு அங்குமிங்கும் அசைத்து, ஒட்டியிருப்பது தானாக விடும்படி செய்வது. அன்றைக்குப் பட்டறையில் நான் எழுந்தபோது மூன்றாவது தொட்டி நடந்துகொண்டிருந்தது. "போதாதா மாமா?" என்றேன். தொட்டிக்குள் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி எனக்குக் காட்டினார். இன்னும் லேசாகச் சிவப்பு இருந்தது. "தண்ணி தெளிஞ்சு வரணும். அது வரிக்கும் அலசல் முடியல." நமது அலசல்களோ பக்கம் நிறைந்ததும் முடிந்துவிடுகின்றன. எழுதியவனின் சாயம் பிரதியில் ஒட்டிக்கொண்டிருப்பதை யாரும் அள்ளிப் பார்ப்பதில்லை.

மொழிபெயர்ப்பைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் படகின் விலாவில் சளக் சளக்கென்று மோதுகிறது, வாளி தொப்பென்று இறங்குகிறது, தூக்கும்போது களக்களக்கென்று தளும்புகிறது, படியில் சளாரென்று தெறிக்கிறது, கல்லிடுக்கில் குளுக்குளுக்கென்று வடிகிறது. 'ரிப்பிள்' மட்டும் நிற்கிறது. 'சிற்றலை எழுந்தது' என்றுதான் எழுதியிருக்கிறேன். அதில் சத்தம் இல்லை. ஏரியில் வலை வீசுகிறவர்களும் துறையில் துணி அலசுகிறவர்களும் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்த எழுத்தாளர்கள் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். சொல்லை மட்டும் அனுப்ப வேண்டாம். அதைச் சொல்லும்போது அவர்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.